பழைய கணினியைத் தூக்கிப் போடச் சொல்வது யார்?

முதலிலேயே போட்டு உடைத்துவிடலாம். ஆன் செய்துவிட்டு, காபி போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்த பிறகுதான் திரை வருகிறது என்றால், அந்தக் கணினிக்கு வயசாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அதன் வயிற்றுக்குள் ஒரு தகடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்தத் தகட்டை விட்டுவிட்டு மொத்தக் கணினியையும் மாற்றச் சொல்பவருக்கு ஒன்று விஷயம் தெரியாது, இல்லையென்றால் விற்க வேண்டிய சரக்கு கடையில் நிற்கிறது. மூன்றாவது காரணமும் சில நேரம் உண்டு. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

திருநின்றவூர் மாதிரி ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடை, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி சென்டர், மாடியில் இரண்டு மேஜை போட்டு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் கணக்கர், ப்ராஜெக்ட் அடிக்கும் பி.காம் பசங்க.. எல்லாருக்கும் படியளப்பது மேஜைக்கு அடியில் உறுமிக்கொண்டிருக்கும் ஒரு டெஸ்க்டாப்தான். கையில் காசில்லாத பூசலார் மனசுக்குள்ளேயே கோயில் கட்டி முடித்த ஊர் இது. காஞ்சிபுரத்தில் பல்லவ ராஜா கட்டிய கற்கோயிலுக்குக் குடமுழுக்கு நாள் குறித்தபோது, 'அன்றைக்கு வேறு இடத்தில் வேலை இருக்கிறது' என்று சிவனே இந்த ஊருக்கு வந்துவிட்டதாகப் பெரிய புராணம் சொல்கிறது. மனசில் கோயில் கட்டலாம். மனசில் கணினி கட்டி ரிட்டர்ன் போட முடியாதே! அதற்கு நிஜக் காசு வேண்டும். அந்தக் காசு யார் பேச்சைக் கேட்டுச் செலவாகிறது என்பதுதான் இங்கே பிரச்சினை.

குடோனுக்கு ஓடும் பையன்

கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

சாதாரண டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றும். அதாவது வினாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. வேண்டிய தகவல் தகட்டில் எங்கோ இருக்கும். அது முனைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும் - சுமார் 4 மில்லி வினாடி. முனை சரியான தடத்துக்கு நகர்ந்து போக இன்னொரு 9. ஆக, ஒரு துண்டுத் தகவலை எடுக்க சுமார் 13 மில்லி வினாடி. வினாடிக்கு எழுபத்தைந்து துண்டு எடுத்தால் அதிகம்.

எஸ்எஸ்டியில் தகடும் இல்லை, முனையும் இல்லை, சுற்றுவதும் இல்லை. எல்லாம் சிப். ஒரு துண்டு எடுக்க 0.1 மில்லி வினாடி அளவுதான் ஆகும்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். கணினி எழுந்து நிற்க 10,000 சின்னச் சின்னத் துண்டுகள் தேவை என்று வைத்துக்கொண்டால், ஹார்ட் டிஸ்கில் 130 வினாடி. எஸ்எஸ்டியில் 1 வினாடி. நிஜத்தில் ப்ராசஸர் வேலையும் சேரும், கொஞ்சம் முன்கூட்டியே படித்து வைக்கும் தந்திரங்களும் உண்டு, அதனால் வித்தியாசம் இவ்வளவு சுத்தமாக இருக்காது. ஆனால் காபி டம்ளர் கதையின் ரகசியம் இதுதான்.

மளிகைக் கடை மாதிரி யோசிக்கலாம். கல்லாவில் இருப்பவர் படு வேகம். ஆனால் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பையன் பின்தெரு குடோனுக்கு ஓடிப் போய் வர வேண்டும். கூட்டம் சேர்ந்ததும் 'கல்லாக்காரருக்கு வயசாயிடுச்சு, மாத்து' என்கிறார்கள். குடோனைக் கடைக்குள் கொண்டு வந்தால் போதும் என்று யாரும் சொல்வதில்லை. ஏனென்றால் கல்லாக்காரரை மாற்றுவதில்தான் கமிஷன் அதிகம் :-)

மூணு வருஷம் என்பது மரணச் சான்றிதழா?

'கம்ப்யூட்டருக்கு ஆயுள் மூணு வருஷம்தான் சார், சட்டத்திலேயே இருக்கு' என்று ஒரு வாதம் காதில் விழும். பாதி உண்மை. கம்பெனிச் சட்டம் 2013, இரண்டாம் அட்டவணையில் டெஸ்க்டாப், லேப்டாப் போன்றவற்றுக்குப் பயன் ஆயுள் 3 வருஷம், சர்வருக்கு 6 வருஷம் என்றுதான் போட்டிருக்கிறது. வருமான வரியில் கணினிக்கான தேய்மானம் 60 சதவீதமாக இருந்து 2017-18 நிதியாண்டு முதல் 40 ஆனது. 40,000 ரூபாய் கணினியை 40 சதவீதம் வீதம் குறைத்துக்கொண்டே போனால் ஐந்தாம் வருஷ முடிவில் புத்தக மதிப்பு 3,110 ரூபாய்.

இதெல்லாம் புத்தகக் கணக்கு. செலவை எத்தனை வருஷத்துக்குப் பிரித்து எழுதுவது என்பதற்கான ஏற்பாடு. புத்தக மதிப்பு 3,110 ஆனதால் ப்ராசஸருக்கு மூட்டுவலி வந்துவிடாது. தேய்மானத்துக்கும் தேய்ந்து போவதற்கும் வித்தியாசம் தெரியாமல் பேலன்ஸ் ஷீட் படிப்பதும், ஜாதகத்தை வைத்து எக்ஸ்ரே எடுப்பதும் ஒன்றுதான்.

கணக்கியல் சொல்லித் தரும் இன்னொரு பாடம்: ஏற்கெனவே போட்ட காசைப் பற்றிக் கவலைப்படாதே, இனி போடப் போகும் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று பார். இனி போடப் போகும் காசில் இரண்டு வழி. ஒன்று, புதுக் கணினியின் விலையில் சிறு பங்குக்கு ஒரு எஸ்எஸ்டி. இரண்டு, முழு விலைக்குப் புதுசு - அதுவும் பெரும்பாலும் 'வட்டியில்லாத் தவணை'யில். வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது, வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கும் என்பதை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. 2025 பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் அள்ளிக்கொண்டு போனதில் ராம், எஸ்எஸ்டி விலை ஏறியது உண்மைதான். ஆனால் புதுக் கணினிக்குள்ளும் அதே ராமும் எஸ்எஸ்டியும்தானே இருக்கிறது? விலையேற்றம் பழைய பெட்டியைக் காப்பாற்றுவதற்கான காரணமே தவிர தூக்கிப் போடுவதற்கானது இல்லை.

ஜல்லியடிப்பவர்கள் கவனத்துக்கு

1. *'எஸ்எஸ்டி சீக்கிரம் செத்துடும்.'* எழுத எழுதத் தேயும் என்பது சரி. எவ்வளவு எழுதலாம் என்று தயாரிப்பவர்களே அட்டையில் போடுகிறார்கள். சாதாரண 240 ஜிபி வட்டுக்கு 80 டெராபைட் என்று போட்டிருந்தால், தினம் 20 ஜிபி எழுதினாலும் 4,000 நாள். ஏறக்குறைய 11 வருஷம். டேலியில் வவுச்சர் போட்டு, எக்ஸெல் திறந்து மூடுபவர் தினம் 20 ஜிபி எழுத மாட்டார். அதற்குள் சுற்றும் தகடு எத்தனை தடவை 'டிக்.. டிக்..' என்று சத்தம் போட்டு உயிரை விடுமோ.

2. *'போட்டா என்விஎம்இதான் போடணும், சாட்டா எல்லாம் வேஸ்ட்.'* இது யூட்யூப் பார்த்து வளர்ந்த உதார். 2011, 2012 வாக்கில் வந்த கணினிகளில் நிறைய இருப்பது எச்61 போர்டு. அதில் எம்.2 சொருகும் இடமே கிடையாது. சாட்டா கூட இரண்டாம் தலைமுறை, வினாடிக்கு 3 கிகாபிட் வேகம்தான். அதில் எஸ்எஸ்டி போட்டால் பெட்டியில் அச்சடித்த 550 எம்பி வேகம் வராது, அதில் பாதிதான் வரும். வரட்டுமே! கணினியை நொண்ட வைத்தது அந்த வேகம் இல்லை, துண்டுக்குத் துண்டு காத்திருக்கும் 13 மில்லி வினாடி. அது பழைய போர்டிலும் மறைந்துவிடும். ஹார்ட் டிஸ்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறுவது மாட்டு வண்டியிலிருந்து மின்சார ரயிலுக்கு மாறுவது. அதற்கு மேல் என்விஎம்இ என்பது ஃபாஸ்ட் லோக்கல். பில் போடும் கடையில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

3. *'ராம் ஏத்தினா போதும்.'* 2 ஜிபியில் மூச்சு வாங்கும் கணினிக்கு ராம் வேண்டும்தான். 8 ஜிபி இருந்தும் திறக்க மாட்டேன் என்றால் குற்றவாளி ராம் இல்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் என்ற கட்டம் சும்மா இருக்கும்போதே 100 சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அதுதான் வாக்குமூலம்.

4. *'போர்டே போச்சு சார்.'* போயும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு காசளவு பேட்டரியை மாற்றிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். சிஆர்2032. அது தீர்ந்தால் கணினியின் தேதி பழைய காலத்துக்குப் போகும். தேதி தப்பானால் வங்கித் தளம், ஜிஎஸ்டி தளம் எதுவும் பாதுகாப்புக் காரணம் சொல்லித் திறக்காது. பயாஸ் அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பி, விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடலாம். ஒரு பேட்டரி செய்யும் வேலையை 'போர்டு போச்சு' என்று பில் போட்டால் அதற்குப் பெயர் சர்வீஸ் இல்லை.

போடுவது கஷ்டமா?

இல்லை. சாட்டா எஸ்எஸ்டிக்கு இரண்டே ஒயர்: ஒன்று போர்டிலிருந்து, ஒன்று பவர் சப்ளையிலிருந்து. இரண்டும் தப்பான பக்கம் நுழையாது. மின்சாரத்தை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்னை இறக்கிவிட்டு வேலையைத் தொடங்கலாம். வட்டு சின்னது, பெட்டியின் இடம் பெரியது; நடுவில் ஒரு பிராக்கெட் வேண்டும். கிடைக்காவிட்டாலும் குடி முழுகாது. சுற்றும் பாகம் இல்லாததால் எந்தப் பக்கம் சாய்த்து வைத்தாலும் ஓடும்.

கஷ்டம் ஸ்க்ரூ டிரைவரில் இல்லை. அமைப்பில் இருக்கிறது. அங்கேதான் அவசரக் குடுக்கைகள் காரியத்தைக் கெடுக்கிறார்கள்.

முதலில், பயாஸில் சாட்டா முறை ஏஹெச்சிஐ என்று இருக்க வேண்டும். பழைய போர்டுகள் பலவற்றில் ஐடிஇ என்று கிடக்கும். விண்டோஸ் போட்ட பிறகு மாற்றினால் நீலத் திரை. போடுவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

அடுத்து, புது வட்டில் விண்டோஸ் போடும்போது பழைய ஹார்ட் டிஸ்கின் ஒயரைக் கழற்றி வையுங்கள். கழற்றாவிட்டால் விண்டோஸ் புது வட்டில் உட்கார்ந்துகொண்டு, கணினியை எழுப்பும் சின்னப் பகுதியை மட்டும் பழைய வட்டிலேயே விட்டுவிடும் வாய்ப்பு உண்டு. ஆறு மாசம் கழித்துப் பழைய வட்டு செத்தால், நல்ல எஸ்எஸ்டியும் எழுந்திருக்காது. அப்புறம் 'எஸ்எஸ்டி மோசம்' என்று ஊரெல்லாம் பேச்சு.

லைசென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-லிருந்து டிஜிட்டல் உரிமம் போர்டோடு ஒட்டியது, வட்டோடு இல்லை. வட்டை மாற்றி அதே பதிப்பைப் போட்டு இணையத்தில் சேர்ந்தால் அதுவே அடையாளம் கண்டுகொள்ளும். இதற்குத் தனியாகக் காசு கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். கிராக் போட்டுத் தருகிறேன் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். வங்கிக் கடவுச்சொல் அடிக்கும் கணினியில் யாரோ எழுதிய திருட்டுச் சாவி எதற்கு?

போட்ட பிறகு டிஃப்ராக் மென்பொருள் எதையும் ஓட்ட வேண்டாம். விண்டோஸ் 8-லிருந்து அதுவே எஸ்எஸ்டியை அடையாளம் கண்டு, அதற்கான ட்ரிம் வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

சி டிரைவ் ஃபார்மட் என்னும் கொலை

எல்லாவற்றையும் விட முக்கியமானது இது. வேகம் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வரும். போன தகவல் வராது.

'டேட்டா எல்லாம் டி டிரைவ்லதானே இருக்கு? சி-யை அடிச்சுடறேன்' என்ற வசனத்தைக் கேட்டதும் பதற வேண்டும். டேலி ப்ரைம் தன் கணக்குகளை இயல்பாக வைப்பது சி டிரைவில், பொதுப் பயனர் கோப்புறைக்குள். அதை யாரும் மாற்றவில்லை என்றால் ஒரு வருஷ விற்பனை, கொள்முதல், பாக்கி எல்லாம் ஒரு க்ளிக்கில் போய்விடும். டெஸ்க்டாப்பில் கிடப்பதும், மை டாக்குமெண்ட்ஸும் சி டிரைவ்தான். அவுட்லுக்கின் பழைய மடல், ப்ரவுசரில் சேமித்த கடவுச்சொல் - இவையும் அங்கேதான்.

டிடிபி கடைக்காரருக்கு இன்னொரு கண்ணி. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த பழைய பத்திரிகைகள், கோயில் நோட்டீஸ்கள், வரவு செலவு அறிக்கைகள் எல்லாம் பத்திரமாக டி டிரைவில் இருக்கும். எழுத்துரு மட்டும் விண்டோஸோடு சேர்ந்து அழிந்திருக்கும். திறந்தால் தமிழுக்குப் பதில் கோழி கிறுக்கல். பதினைந்து வருஷ வேலை கையில் இருந்தும் இல்லாத மாதிரி. எழுத்துருக் கோப்புறையை முதலில் நகல் எடுக்க ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷத்தை மிச்சம் பிடிக்கும் மெக்கானிக்கின் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுக்கக் கூடாது.

எனவே சரியான முறை ஒன்றுதான். பழைய ஹார்ட் டிஸ்கை அழிக்காதீர்கள். கழற்றி, புதுசு நன்றாக ஓடும்வரை ஒரு மாசம் அப்படியே வைத்திருங்கள். பிறகு அதையே நகல் வைக்கும் வட்டாக்கிக்கொள்ளலாம். எஸ்எஸ்டியில் அழித்த கோப்பை ட்ரிம் துடைத்துவிடும், மீட்பது பெரும்பாலும் நடக்காது. மின்சாரமே காட்டாமல் அலமாரியில் வருஷக்கணக்கில் பூட்டி வைக்கவும் எஸ்எஸ்டி ஏற்றதில்லை. அதன் மின்னூட்டம் கசியும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. சென்னை வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? ஓடுவதற்கு எஸ்எஸ்டி, நகலுக்கு ஹார்ட் டிஸ்க். அதனதன் வேலை அதற்கு.

நியாயமாக ஒத்துக்கொள்ள வேண்டியவை

முதலில் சொன்ன மூன்றாவது காரணம் இது. எஸ்எஸ்டி ப்ராசஸரை வேகமாக்காது. வீடியோ எடிட் செய்து வெளியே எடுக்க ஆகும் நேரம் பெரிதாகக் குறையாது. வீங்கிய கெப்பாசிட்டரோடு நிற்கும் போர்டுக்கும், 2 ஜிபிக்கு மேல் ராம் ஏறாத பெட்டிக்கும் காசைக் கொட்டுவது வீண். மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கிறது, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு மேல் கேட்கிறது. பழைய பெட்டிகள் இந்த வாசலைத் தாண்டாது.

ஆனால் இது யார் செய்த கொலை? நன்றாக ஓடும் சிலிக்கானை ஒரு நிறுவனத்தின் பட்டியல் செல்லாது என்று சொன்னால், அதை இயற்கை மரணம் என்று எழுத முடியாது. படிப்புக்கும் இணையத்துக்கும் மட்டும் கணினி வைத்திருப்பவர் லினக்ஸ் மின்ட் போட்டு எஸ்எஸ்டியில் ஓட்டினால் இன்னும் சில வருஷம் நிம்மதியாகப் போகும். டேலி ஓட்டுபவருக்கு அந்த வழி அவ்வளவு சுலபமில்லை. அவர் விண்டோஸ் 11 ஏறும் செகண்ட் ஹேண்ட் பெட்டியைத் தேடுவது நியாயம். அப்போதும் இன்று வாங்கும் சாட்டா எஸ்எஸ்டி அந்தப் பெட்டிக்குக் கூடவே போகும். நஷ்டமில்லை.

தூக்கிப் போட்டதெல்லாம் எங்கே போகிறது? ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கைப்படி 2022-இல் மட்டும் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனதாகப் பதிவானது 22.3 சதவீதம். இந்தியாவில் மின்கழிவுக்குப் புது விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. பழுது பார்க்கும் உரிமைக்கு மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு தளமும் திறந்தது. விதி எழுதுவது அரசாங்க வேலை. தூக்கிப் போடாமல் இருப்பது மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் வேலை.

ஆகவே மகா ஜனங்களே, அடுத்த தடவை 'பழசாயிடுச்சு சார்' என்று யாராவது ஆரம்பித்தால், 'எது பழசு?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பாகத்தின் பெயரைச் சொல்லத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுங்கள். மொத்தப் பெட்டியையும் காட்டுபவரிடம் டீ மட்டும் குடித்துவிட்டு வாருங்கள்.

பி.கு: எஸ்எஸ்டி வாங்க ரிச்சி தெரு போகிறவர்கள், திருநின்றவூரிலிருந்து சென்ட்ரல் வரை சுமார் 30 கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். பில் இல்லாமல் வாங்காதீர்கள், பில் இல்லாவிட்டால் வாரண்டியும் இல்லை. 'புதுசு' என்று வந்த வட்டு எத்தனை மணி நேரம் ஏற்கெனவே ஓடியிருக்கிறது என்பதை கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டும். 1 டெராபைட் என்று எழுதி உள்ளே 64 ஜிபி வைத்திருக்கும் போலிகளை ஹெச்2டெஸ்ட்டபிள்யூ முழுக்க எழுதிப் பார்த்துக் காட்டிக்கொடுத்துவிடும். தகவல் ஏற்றுவதற்கு முன்பே இரண்டையும் ஓட்டிவிடுங்கள்.